பின்போர்ஷன்

நங்கநல்லூரில் நான் 12 வருடம் வளர்ந்த பின்போர்ஷனைப் போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இடித்தார்கள். முன்வீட்டை இடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பின்போர்ஷனுக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. மங்களூர் ஓடுகளை முதல் நாளே கழற்றி மதில் ஓரமாக அடுக்கிவிட்டார்கள். பழைய ஓட்டை வாங்க ஆள் இருக்கிறது. கூரை போன சுவர்கள் வெயிலில் நின்றன. சமையலறைச் சுவரில் அம்மா கரித்துணி மாட்டிய ஆணி அப்படியே இருந்தது. ஜே.சி.பி. கையை மடக்கி ஒருமுறை தள்ளியது. சுவர் உடையாமல் முழுதாகச் சாய்ந்தது.

பத்துக்குப் பத்து ஒரு அறை. ஆறுக்கு எட்டு ஒரு சமையலறை. முன்னால் மூன்றடித் திண்ணை. குளியலறையும் கழிப்பறையும் கிணற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்துப் போர்ஷன்காரர்களுக்கும் எங்களுக்கும் பொது. அவ்வளவுதான் அது. அதில் அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன், நான் என்று ஐந்து பேர் இருந்தோம். அந்த இடத்துக்கு இரங்கல் எழுத வேறு யாரும் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

போர்ஷன் என்ற சொல் அகராதியில் வேறு பொருளோடு இருக்கும். சென்னைக்காரர்களுக்கு அது ஒரு வகை வீடு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்து ஒண்டுக்குடித்தனத்திலிருந்து கொஞ்சம் மாறியது. அங்கே ஒரே நீள வீட்டுக்குள் எட்டு, பத்துக் குடித்தனம் இருக்கும். புறநகரில் வீட்டுக்காரர் முன்னால் இருப்பார். பின்னால் கிணற்றைத் தாண்டி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வசதி வந்த பிறகு மாடியில் ஒன்று. எல்லோருக்கும் ஒரே கேட். கேட்டில் வீட்டுக்காரர் பெயர்ப் பலகை. தபால்காரர் கொண்டுவரும் கடிதத்தில் எங்கள் பெயருக்குக் கீழே, இன்னாருடைய வீடு, பின்போர்ஷன் என்று இருக்கும். அதுதான் எங்கள் முகவரி.

இப்படி ஒரு வீடு பிறந்ததற்கு ரயில்தான் காரணம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் இருந்த ஏரி வயல்களும் பனங்காடுகளும் மெல்ல மெல்ல மனைகளாயின. 2,400 சதுர அடி ஒரு கிரவுண்ட். மாதச் சம்பளக்காரர்கள் தவணையில் மனை வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்கார மாமா ரயில்வேயில் குமாஸ்தா. 1961-ல் மனை வாங்கி, முதலில் கிணறு வெட்டி உறை இறக்கி, அந்தத் தண்ணீரில் பின்னால் ஓட்டுக் கூரையோடு ஒரு அறையும் சமையலறையும் கட்டிக் குடிவந்தார். அங்கே ஆறு வருடம் இருந்துகொண்டுதான் முன்வீட்டைக் கட்டினார். முன்வீட்டுக்குப் போனதும் பின்னால் இருந்ததை வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில் பக்கவாட்டுப் போர்ஷன் எழுந்தது. இதை மாமா அடிக்கடி சொல்வார்: "நான் இருந்த இடத்துலதான் உங்களை வெச்சிருக்கேன்." அப்பா அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை மதித்தார்.

முன்வீட்டுக்கு அனுமதி வாங்கிய நீல வரைபடத்தை மாமா ஒருநாள் திண்ணையில் விரித்துக் காட்டினார். ஹால், பூஜை அறை, படுக்கை அறை எல்லாம் இருந்தன. கிணறு ஒரு வட்டம். நாங்கள் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு "ஸ்டோர் ரூம்" என்று எழுதியிருந்தது. அனுமதி ஒரு குடும்பத்துக்கு. மனையில் இருந்தது மூன்று குடும்பம். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கட்டத்துக்குள் விரலை வைத்து, இதற்குள்தானே பாட்டி படுத்திருக்கிறாள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்பா கிண்டித் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். 1958-ல் தொடங்கிய பேட்டை; தென்சென்னையில் பலருக்குச் சோறு போட்ட இடம். பழவந்தாங்கலில் ஏறினால் பரங்கிமலை, அடுத்தது கிண்டி. இரண்டே ஸ்டேஷன். ஷிப்ட் முடிந்து ஆறேகாலுக்கு வீட்டில் இருப்பார். எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் இருந்ததற்குக் காரணம் அந்த இரண்டு ஸ்டேஷன் தூரம்தான். வாடகை 110 ரூபாய். தலைப்பு எழுதாத ஒரு நாற்பது பக்க நோட்டில் மாமா தேதி போட்டு வாங்கிக்கொள்வார். ஒப்பந்தமும் முத்திரைத்தாளும் கிடையாது. அந்த நோட்டை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

அந்த வாழ்க்கையைத் தேனும் பாலுமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். எங்களுக்கு வீடு கொடுப்பதற்கு முன் மாமி அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க சைவமா?" என்பது. அம்மா ஒரு நொடி பாட்டியைப் பார்த்தாள். "வீட்ல சமைக்க மாட்டோம் மாமி" என்றாள். அந்த வாக்கை 12 வருடம் காப்பாற்றினாள். தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவள், மீன் குழம்பு வைக்கத் தெரிந்தவள், தன் சமையலறையில் ஒரு நெத்திலியைக்கூட வதக்காமல் இளமையைக் கழித்தாள். அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில்கூடச் சொல்ல வாய்ப்பில்லாமல், கேட்டுக்கு வெளியிலேயே பெயரையும் ஊரையும் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ. போர்ஷனுக்காக நான் துக்கப்படும்போது அவர்களையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மெயின் சுவிட்ச் அணைந்துவிடும். பரீட்சை சமயத்தில் மட்டும் மாமி எங்களுக்காக விட்டுவைப்பாள். கிணற்றடியில் முறை உண்டு. விடிகாலை மாமி, பிறகு ஆபீஸ் போகிறவர்கள், பிறகு பள்ளிக்கூடம், பத்து மணிக்கு மேல் துணி. துவைக்கிற கல்லுக்குச் சண்டை நடந்தது உண்டு. மாமாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சு வலி வந்தபோது, பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். அப்பாவும் பக்கத்துப் போர்ஷன்காரரும்தான் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார்கள். அதற்குப் பிறகும் வாடகை ஏறத்தான் செய்தது. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒருவர் இருமினால் இன்னொருவர் வீட்டில் கேட்கும்.

என் மனதில் நிற்கும் கணக்கு இது. அந்த ஒரு கிரவுண்டில் கட்டடம் எல்லாம் சேர்த்து 1,400 சதுர அடி இருக்கும். அதில் முன்வீட்டில் ஐந்து, பின்னால் ஐந்து, பக்கவாட்டில் நான்கு, ஆக 14 பேர். மிச்ச நிலத்தில் கிணறு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மாமியின் பவழமல்லி. மழைத் தண்ணீர் கேட்டைத் தாண்டி வெளியே போய் நான் பார்த்ததில்லை.

இப்போது நான் அதே நங்கநல்லூரில், இரண்டு தெரு தள்ளி, ஒரு பிளாட்டில் இருக்கிறேன். அதுவும் ஒரு காலத்தில் போர்ஷன் வைத்த தனி வீடு இருந்த ஒரு கிரவுண்ட்தான். தரையில் கார், மேலே மூன்று மாடி, ஆறு பிளாட். ஏறத்தாழ 4,800 சதுர அடி. ஒரு பிளாட் பூட்டியே இருக்கிறது, சொந்தக்காரர் வெளிநாட்டில். இரண்டில் வயதான தம்பதிகள். எல்லோரையும் எண்ணிப் பார்த்தால் 13 பேர். கட்டடம் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஆள் ஒன்று குறைவு. தரை முழுக்கச் சிமெண்ட் கல்.

நகர்த் திட்டக்காரர்கள் அடர்த்தி என்று சொல்லும்போது எதை அளக்கிறார்கள் என்று இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 1.5. பில்டர்கள் பாஷையில் எஃப்.எஸ்.ஐ. ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம் என்று அர்த்தம். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. 4,800 சதுர அடி ஆயிற்று. அந்த 4,800 அடிக்குள் எத்தனை குடும்பம், என்ன வருமானம் உள்ளவர்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. அதே பிப்ரவரியில்தான் 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், எல்லா வாடகைக்கும் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும் என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். அரிசிப் பானைக்குள் இருந்த நோட்டுப் புத்தகத்துக்கு அதில் இடமில்லை.

ஆனால் போர்ஷனின் சாவுக்கு விதிகளை மட்டும் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீண்ட நாள் படுக்கையில் கிடந்துதான் அது போனது. முதலில் கிணறு வற்றியது. 2003 கோடையில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றில் சேறு மட்டும்தான் என்று மாமி அம்மாவிடம் போனில் அழுதாள். போர் போட்டார்கள், அதுவும் ஆழம் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பாதாளச் சாக்கடையும் வந்தது. ஆலந்தூர் நகராட்சி, நங்கநல்லூர் அதற்குள்தான் இருந்தது, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் மக்களிடமே வாங்கி அந்தத் திட்டத்தை நிறைவேற்றியது. நாடே பேசிய திட்டம். செப்டிக் டேங்க் நிரம்பி லாரிக்குக் காத்திருந்த வாழ்க்கை அதோடு முடிந்தது. மாமாவும் வரிசையில் நின்று பணம் கட்டினார். செப்டிக் டேங்க் இருந்த வரை ஒரு கிரவுண்டில் மூன்று குடித்தனத்துக்கு மேல் தாங்காது. குழாய் வந்தபின் தாங்கும் என்று ஆயிற்று. ஊருக்குச் சுத்தத்தைக் கொண்டுவந்த அதே குழாய் வழியாகத்தான் பில்டரும் வந்தார் என்று நான் நினைக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பொதுக் கழிப்பறையில் மழைக்காலத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அது திரும்பி வரக் கூடாது.

பிறகு பாகப்பிரிவினை. மாமா போனார், சில வருடத்தில் மாமியும். நான்கு பிள்ளைகள், நான்கு ஊர். ஒரு தனி வீட்டை நான்காக வெட்ட முடியாது. ஜாயிண்ட் வென்ச்சர் என்றால் பாதி பில்டருக்கு, மீதியில் ஆளுக்கு ஒரு பங்கு, கொஞ்சம் ரொக்கம். அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசிக்கொள்ள அதுதான் வழி. கடைசிக் குடித்தனக்காரர், தையல் மிஷின் வைத்துப் பிழைத்த ஒரு அம்மா, தன் பெண்ணோடு ஊரப்பாக்கத்துக்குப் போனார். அவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் இங்கே. இப்போது ரயிலில் வந்து ரவிக்கை வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டை இடித்துப் பிளாட் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் நலச்சங்கம் கூடியது. கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நாற்பது பேர் இருக்கும். சென்னைக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிறது, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்பதால், எங்கள் பகுதியில் தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று மனு எழுதுவதாக ஏற்பாடு.

பேசியவர்கள் சொன்னதில் பெரும்பாலும் நியாயம் இருந்தது. "இருபதடி ரோடு சார். இப்பவே குப்பை வண்டி வந்தா பைக்கை எல்லாம் நகர்த்தி வெக்க வேண்டியிருக்கு. நாளைக்கு ஒருத்தருக்கு முடியலைன்னா ஆம்புலன்ஸ் எப்படி உள்ள வரும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பழவந்தாங்கல் சப்வேயில் மழைக்குத் தண்ணீர் நின்றால் ஊரே தீவாகிவிடுவதை ஒருவர் சொன்னார். 2019 ஜூனில் லாரித் தண்ணீருக்குப் பதினைந்து நாள் காத்திருந்ததை ஒரு அம்மா சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். இடிக்கப்போகும் வீட்டுக்காரரின் பேரன் எழுந்து, "எங்க பாட்டி வீட்டை வித்தாத்தான் எங்க அத்தைங்களுக்குப் பங்கு குடுக்க முடியும். நீங்க எல்லாம் பிளாட்டாக்கி முடிச்சிட்டு, எங்க முறை வரும்போது கதவைச் சாத்துறீங்களே" என்றான். அவன் சொன்னதும் உண்மை. அந்தத் தெருவில் பதினொரு கட்டடம் ஏற்கெனவே பிளாட்தான்.

பிறகு, எனக்கு எப்போதும் அன்பாக இருக்கும் ஒரு மாமி, ரகசியம் போல ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பிளாட்டுன்னா கண்டவாளும் வந்துடுவா" என்றாள். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அம்மாவின் மீன் வைக்காத சமையலறை நினைவுக்கு வந்தது, வாய் திறக்கவில்லை. மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடாமல் எழுந்து வந்தேன். அது மட்டும் போதாது என்று அன்றைக்கே தெரியும்.

பேசியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். சாலை, தண்ணீர், சாக்கடை என்று கேளுங்கள், விடாமல் கேளுங்கள். அது இல்லாமல் மாடி மேல் மாடி போட அனுமதிப்பது தவறு. ஆனால் இங்கே வீடு வேண்டாம் என்று நாம் கையெழுத்துப் போடுவதால் ஊருக்கு வரும் ஜனம் வராமல் நிற்காது. வேறு எங்கோ போய்க் குடியேறும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மிஞ்சிய துண்டை 2022-ல் ராம்சார் தலமாக அறிவித்தார்கள். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளைப் பார்த்தாலே தெரியும், நகரத்தின் நடுவில் கிடைக்காத வீடு தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் போய் எழுகிறது. நகரத்துக்குள் கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஏழைகளுக்கு அதே சதுப்பு ஓரத்தில், பெரும்பாக்கத்தில், எட்டு அடுக்குகளில் வீடு கட்டிக்கொடுத்தார்கள். அந்த அடர்த்தியை எதிர்த்து எந்தக் கோயில் மண்டபத்திலும் நாற்காலி போட்டுக் கூட்டம் நடக்கவில்லை. வேலை இருக்கும் இடத்திலிருந்து அத்தனை தூரத்தில் அத்தனை பேரை அடுக்கலாம். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் தெருவில் ஆறு குடும்பம் கூடாது. இது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

இன்னொன்றும் சொல்லியிருப்பேன். பிளாட் வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் மனை வைத்திருப்பவர்கள், அல்லது வாங்க முடிந்தவர்கள். அன்று மண்டபத்தில் வாடகைக்காரர் ஒருவர்கூட இல்லை. நலச்சங்கத்தில் வாடகைக்காரருக்கு உறுப்பினர் அட்டை இல்லை. முன்பு இந்தத் தெருவில் வீட்டுக்கு இரண்டு போர்ஷன் இருந்தது; லேத் ஓட்டுகிறவர், பிரஸ்ஸில் அச்சுக் கோக்கிறவர், பள்ளிக்கூட ஆயா, புதுசாகக் கல்யாணம் ஆன பேங்க் குமாஸ்தா எல்லோரும் வீட்டுக்காரரோடு ஒரே கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்கள். இன்று வருகிற ஆறு பிளாட்டில் எதிலும் அப்படி ஒருவர் கால்வைக்க முடியாது. கூடுதலாகக் கட்டிக்கொள்ள அனுமதி கொடுக்கும் அரசு, அந்தக் கூடுதலில் ஒரே ஒரு சின்ன வாடகை வீடு, பத்துக்குப் பத்து வேண்டாம், பத்துக்கு இருபது, தனிக் கழிப்பறையோடு வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். வரைபடத்தில் ஸ்டோர் ரூம் என்று பொய் எழுதாமல், வீடு என்று எழுதி. இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இடித்த அன்று சாயங்காலம் மறுபடி போனேன். போர்ஷனின் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கிணற்றை மூட வெளியிலிருந்து மண் அடிக்கச் செலவு. இருக்கிற இடிபாட்டையே போடுவது வழக்கமாம். மூன்று லோடு போனதும் விளிம்புக்கு வந்துவிட்டது. தென்னையில் ஒன்றை மட்டும் வைத்திருந்தார்கள், மின்கம்பிக்கு இடையூறு இல்லை என்று.

பங்குனியில் ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது, பின்மதிலை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று எழுந்திருந்தது. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். வாசலில் மூன்று கல் வைத்து அந்தப் பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். மீன் வாசனை தெரு வரை வந்தது. எங்கள் துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டு, அதன் மேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். நான் அடி வைத்துப் பார்த்தேன். பத்துக்குப் பத்து, அதே மூலை. எனக்குத் தெரிந்த ஹிந்தியில், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டேன். மேல் ஸ்லாப் முடியும் வரை என்று கையை மேலே காட்டினாள். கேட்டில் மாமாவின் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் பில்டர் புது வரைபடத்தை ஒட்டியிருந்தார். அந்த மூலைக்கு அதில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஜெனரேட்டர் என்று எழுதியிருந்தது.